குடித்துக் காட்டிய பேராசிரியர்

அன்புள்ள ஐயா,

கிருமியால் நோய் வருகிறது என்பதே பொய் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மன் பேராசிரியர் காலராக் கிருமியைக் குடித்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். கிருமியே நோய்க்குக் காரணம் என்று சொன்ன பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரும் சாகும் தறுவாயில் தம் கொள்கையைக் கைவிட்டாராம். 'உடம்பு திடமாக இருந்தால் கிருமி என்ன செய்யும்?' என்று அப்பாவும் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

பாஸ்டர் கதைக்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை, அதை விட்டுவிடுவோம். நான் பதில் எழுத உட்கார்ந்தது மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபருக்காக. நெடுநாளாக என் மனத்தில் இருக்கும் அந்த மனிதரை ஒரு வித்தைக்காரராக்கி ஊர் ஊராக அனுப்புவதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

மியூனிக் நகருக்கு நல்ல குடிநீரும் கழிவுநீர் வடிகால்களும் கிடைக்கப் பாடுபட்டவர் அவர். 1884-இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து, மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அதைக் கண்டபோது, அப்படியொரு கிருமி இருப்பதைப் பெட்டன்கோஃபர் மறுக்கவில்லை. கிருமி மட்டும் போதாது, தகுந்த மண்ணில் அது முதிர வேண்டும் என்றார். அதை நிறுவவே 1892 அக்டோபர் 7 அன்று, தம் 73-ஆம் வயதில், வயிற்று அமிலத்தைச் சோடா உப்பால் முறித்துவிட்டுக் கிருமிக் கரைசலைக் குடித்தார். ஒன்றும் ஆகாமல் இல்லை; சில நாட்கள் வயிற்றுப்போக்கு இருந்தது, மலத்தில் கிருமிகள் மண்டிக் கிடந்தன. அடுத்துக் குடித்த அவருடைய மாணவர் எம்மெரிக் அவரைவிட அதிகமாக அவதிப்பட்டார். அந்த மாணவரைப் பற்றி உங்களுக்கு வந்த செய்தியில் ஒரு சொல்லாவது இருந்ததா? படித்தவரான நீங்கள் எதையும் தேடிப் பார்க்காமல் அதை எனக்கு அனுப்பியதுதான் வருத்தம்.

பெட்டன்கோஃபர் குடித்த அதே ஆண்டில் ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க்கில் காலராவால் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. ஒட்டியிருந்த அல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழ்ப்புறத்தில் அதே ஆற்றிலிருந்து நீர் எடுத்தாலும், மணலில் வடிகட்டிக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவின் ஒரு பக்கம் நோய் பரவ, மறுபக்கம் பரவவில்லை. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்தும் அல்டோனாவின் தண்ணீரைப் பெற்ற ஒரு குடியிருப்பில் காலரா எட்டிப்பார்க்கவில்லை. மண் ஒன்று, காற்று ஒன்று, ஏழ்மையும் ஒன்று. தண்ணீர் மட்டுமே வேறு. தனிமனிதர் ஒருவர் குடித்துப் பிழைத்ததை இதற்கு எதிரே வைத்துப் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

உங்கள் அப்பா கேட்பதில் நியாயம் உண்டு. ஒரே தண்ணீரைக் குடித்த எல்லோரும் நோயில் விழுவதில்லை. அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். ஆனால் என்னை உறுத்துவது வேறு. காலரா பரவுவது மண்ணைப் பொறுத்தது, குடிநீரால் அல்ல என்ற பெட்டன்கோஃபரின் கொள்கை ஹாம்பர்க்கின் ஆட்சியாளர்களுக்கு மிக வசதியாக இருந்தது. வடிகட்டி நிலையத்துக்குச் செலவு செய்யத் தயங்கி, ஆண்டுக்கணக்கில் அதைத் தள்ளிப்போட்டு வந்த வணிகர்கள் அவர்கள். முதியவர் தம் நம்பிக்கைக்குத் தம் உடலையே பணயம் வைத்தார். அவர்கள் வைத்தது குறுகிய சந்துகளில் குடியிருந்தவர்களின் உயிரை. அத்தனை பேர் செத்த பிறகு, 1893-இல் அந்த நிலையம் இயங்கத் தொடங்கியது.