அடிமானம் வேறாக இருந்தால் அடுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவரின் கேள்வி: 3^(க+1) = 5^க என்றால் க எவ்வளவு?

லாக் டேபிளை (மடக்கை அட்டவணையை) அப்புறம் எடுக்கலாம். முதலில், இரண்டு அடிமானமும் (அடுக்கு ஏறும் எண்கள், இங்கே 3, 5) ஒரே எண்ணின் அடுக்குகளா என்று பாருங்கள். 8^க = 4^(க+1) என்றால் இரண்டையும் 2-இன் அடுக்காக எழுதலாம்; 3க = 2க + 2, க = 2. வேலை முடிந்தது.

3-க்கும் 5-க்கும் அந்த வசதி இல்லை. சரி, இடப்பக்கத்தைப் பிரியுங்கள்: 3 × 3^க = 5^க. இருபுறமும் 3^க-ஆல் வகுத்தால் (5/3)^க = 3. எனக்கு ரொம்பப் பிடித்த வரி இதுதான். இரண்டு இடத்தில் இருந்த க ஒரே இடத்துக்கு வந்துவிட்டது. இதைச் செய்யாமல் நேரே மடக்கை எடுப்பவர்கள், (க+1)-க்கு அடைப்புக்குறி போட மறந்து மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இனி மடக்கை: க = மடக்கை 3 ÷ (மடக்கை 5 − மடக்கை 3) = 0.4771 ÷ 0.2219 ≈ 2.15. போட்டுப் பாருங்கள், இருபுறமும் ஏறக்குறைய 31.8 வரும்.