டர்ஹாமில் கோடை மாலை: பேஸ்பால் தெரியாதவர் புல்ஸ் ஆட்டத்துக்குப் போகலாமா?

அமெரிக்காவின் டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், கோடையில் வளாகமே காலி, பேஸ்பால் விதி தெரியாமல் டர்ஹாம் புல்ஸ் ஆட்டத்துக்குப் போனால் போரடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காது, தாராளமாகப் போங்கள்.

புல்ஸ் (அதாவது ‘காளைகள்’), டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணியின் டிரிபிள்-ஏ அணி. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்கு ஒரு படிதான் கீழே. இன்று இங்கே பந்து வீசும் பையன் அடுத்த வாரம் டிவியில் தெரியலாம். காயம் ஆறிய பெரிய ஆட்டக்காரர்களும் முதலில் இங்கே வந்துதான் கை பழகுவார்கள்.

கிரிக்கெட் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வீசிய பந்தை அடிக்கத் தவறினாலோ நல்ல பந்தை விட்டுவிட்டாலோ ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக்குக்கு ஓர் அவுட், மூன்று அவுட்டுக்கு அடுத்த அணி மட்டை பிடிக்கும், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீச நேரக் கெடு வந்தபின் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்தது இடது பக்கச் சுவர்மேல் நிற்கும் காளைப் பலகைதான். நம்மவர் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தால் கண் சிவந்து, வாலாட்டி, மூக்கால் புகை விடும். காளைமேல் பந்து பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் (மாட்டிறைச்சித் துண்டு) பரிசு, கீழே வரைந்த புல்மேல் பட்டால் சாலட் என்று அதிலேயே எழுதியிருக்கும்! (சைவர்கள் புல்லைக் குறி பார்க்கச் சொல்லலாம்.)

ஏழாவது இன்னிங்ஸ் நடுவே எல்லாரும் எழுந்து பாடுவார்கள். வரி தெரியாவிட்டால் வாயசைத்தால் போதும். பந்து வரும்போது மட்டும் போனைப் பார்க்காதீர்கள்.