வீட்டுக் கதையை எழுதுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

குடும்பம், பிள்ளை வளர்ப்பு பற்றி நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தினமும் கூத்துதான் அக்கா. எழுத உட்கார்ந்தால் "என் மகன் படு சுட்டி" என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

"படு சுட்டி" என்பது நீங்கள் எடுத்த முடிவு. வாசகருக்கு வேண்டியது அவன் செய்த காரியம். புறநானூறு 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி ஒரு குழந்தை சாப்பிடுவதைச் சொல்கிறார்: "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்". கீழே போடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது. அந்த வரி முழுக்க வினைச்சொற்கள்தான். பிள்ளை கண்முன்னே உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

என் மகனுக்கு ஐந்து வயதில், "அம்மா எழுதி முடிக்கும் வரை தொந்தரவு பண்ணக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. "அம்மா, நான் தொந்தரவு பண்ணலை." மூடினான். மறுபடி திறந்தான். "இப்பவும் பண்ணலை." மூன்றாவது முறை தலை மட்டும் உள்ளே வந்தது: "எவ்வளவு நேரமா பண்ணாம இருக்கேன்?" இதில் நான் சேர்க்க ஒன்றுமே இல்லை. கதவு எத்தனை முறை திறந்தது என்பதைச் சரியாக எழுதினால் போதும்.

எழுத நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

கட்டுரை பிறகு எழுதலாம். குறிப்பை மட்டும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். பிள்ளை சொன்ன வாக்கியம் ராத்திரி தூங்கி எழுந்தால் மாறிவிடும், நம் வாக்கியமாகிவிடும். சார்லஸ் டார்வின் 1839 டிசம்பரில் பிறந்த தன் மூத்த மகனைக் கவனித்துக் குறிப்பெழுதி வைத்தார். இரண்டு வயது ஏழரை மாதத்தில் பையன் சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வருகிறான். கண்ணில் ஒரு பளபளப்பு, நடையுடையில் ஏதோ செயற்கை. அப்பா உள்ளே போய்ப் பார்க்கிறார்: தொடாதே என்று சொன்ன சர்க்கரையைத் தின்றிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அதே அறையிலிருந்து, மேலங்கியைச் சுருட்டிப் பிடித்தபடி வருகிறான். "ஒன்றுமில்லை" என்கிறான், அப்பாவையே "போ" என்று விரட்டுகிறான். பிரித்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை! இதெல்லாம் கட்டுரையாக வெளிவந்தது 1877இல். அவ்வளவு வருடம் கழித்தும் அந்தச் சுருட்டிய துணி மிச்சமிருக்கக் காரணம், அப்போதே எழுதி வைத்ததுதான்.

மூன்று வயது மகள் இன்னும் வார்த்தை பேசவில்லை. ஜாடையிலேயே எல்லாம் கேட்கிறாள். இதை வேடிக்கையாக எழுதலாமா?

எழுதுவது இருக்கட்டும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கும் போகிறேன், இரண்டு பிள்ளைகள். எழுத நேரம்?

மேலே சொன்னதுதான். இரண்டு வரி, அன்றைக்கே.

பிள்ளையின் கொச்சையை அப்படியே எழுதலாமா, திருத்த வேண்டுமா?

திருத்தாதீர்கள். ஆனால் ஒரு பத்திக்கு ஒரு சொல் போதும். எல்லாச் சொல்லையும் மழலையாக்கினால் வாசிக்கிறவருக்கு அலுத்துவிடும்.

நீங்கள் எப்போதும் "பிள்ளையிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்" என்கிறீர்கள். என் மகள், என் வீடு, என் எழுத்து. யாரைக் கேட்க வேண்டும்? சிரிக்கத்தானே எழுதுகிறோம்?

உங்கள் மகளைத்தான் கேட்க வேண்டும் தம்பி. ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் தன் "வின்னி த பூ" கரடிப் பொம்மைக் கதைகளில் தன் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பெயரை அப்படியே வைத்தார். 1926இல் புத்தகம் வந்தது, உலகமே கொஞ்சியது. பையன் விடுதிப் பள்ளியில் அந்தப் பெயருக்காகக் கேலி வாங்கினான். வளர்ந்த பிறகு, 1974இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அந்தக் கசப்பை அவரே எழுதினார். அந்தக் கதைகளில் பையனை இழிவுபடுத்தும் சொல் எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

அவர் சொல்வது சரிதான் அக்கா. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் குடும்ப நகைச்சுவையே செத்துவிடும். (இது இன்னொருவர்.)

சாகாது. என் மகன் படுக்கையை நனைத்ததை ஒருமுறை கேட்காமல் எழுதினேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. எழுதியது நாலு வயதுச் சம்பவம். வகுப்பில் யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல், "அது என்னோடதும்மா" என்றான். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு எழுதிய எல்லாவற்றையும் அவனிடம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். பாதிக்கு மேல் சரி என்றான், சில இடங்களில் "நான் அப்படிச் சொல்லலை" என்று திருத்தினான். அவன் திருத்தியது என் வாக்கியத்தைவிட நன்றாக இருந்தது.

கணவரைக் கிண்டலடிக்கலாமா?

அவரையும் கேளுங்கள்.

அக்கா, நேரம் ஒதுக்குவது எப்படி என்று...

மூன்றாவது தடவை. டார்வின் பத்தியைப் படியுங்கள்.

சண்டை போட்ட தம்பிதான். மகளிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள், பிறகு வேண்டாம் என்றுவிட்டாள். நான் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது.

தேதி போட்டு எடுத்து வையுங்கள். அவளுக்கு இருபது வயதாகும்போது மறுபடி கேளுங்கள்.