ஆரம்பகால அமெரிக்கக் கையெழுத்துப் பத்திரங்களைச் சேகரிக்க ஆசை. வாஷிங்டன் போன்றவர்களின் கையெழுத்திலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், இந்தக் கிறுக்கு எனக்கும் உண்டு. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் யாருக்கும் தெரியாத விவசாயிகளின் கிரயப் பத்திரங்கள். வாஷிங்டன் கையெழுத்துக்கு அலைபவர்களை நம்பியே 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் பிழைத்தார். பழைய புத்தகங்களிலிருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்து, அவற்றில் வாஷிங்டன் எழுதியது போலவே எழுதி விற்றார். இப்போது அந்தப் போலிகளையே காசு கொடுத்து வாங்குகிறார்கள், அது தனிக்கதை. ஊர் பேர் தெரியாத விவசாயியின் பத்திரத்தை யார் மெனக்கெட்டுப் போலி செய்யப்போகிறார்கள்? விலையும் கையைக் கடிக்காது.

கிரயப் பத்திரத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. விற்பனை முடிந்ததும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) எழுத்தர் அதைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொண்டு, மூலத்தின் பின்பக்கத்தில் புத்தக எண், பக்க எண் குறித்து, சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் மூலம் வீட்டுப் பெட்டியில் தங்கிவிடும், பிற்பாடு வாரிசுகள் ஏலத்துக்கு விடுவார்கள். அந்த எண்ணை வைத்து அலுவலக நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லை விவரம் படிக்கவே சுவாரசியமாக இருக்கும்: வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை சங்கிலி தூரம் போய், ஒரு கற்குவியலில் திரும்பும். சங்கிலி என்பது நில அளவை, ஒன்றுக்கு 66 அடி. சுதந்திரத்துக்கு முந்தைய பத்திரங்களில் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியாண்டு இருக்கும், பிந்தையவற்றில் அதே இடத்தில் அமெரிக்கச் சுதந்திரத்தின் ஆண்டைக் காணலாம். 1752க்கு முன் பிரிட்டிஷ் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். பிப்ரவரி தேதியில் 1731/2 என்று இரட்டை ஆண்டு பார்த்தால் திகைக்க வேண்டாம்: பழைய கணக்கில் 1731, இன்றைய கணக்கில் 1732.

நீதிமன்றத் தாள்கள் என்றால் ஜாக்கிரதை. வட கரோலினா நீதிமன்றத்தின் 1767, 1768ஆம் ஆண்டுக் குற்றப்பத்திரிகைகள் இரண்டு ஒரு வியாபாரியிடம் இருந்தன. பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட வில்லியம் ஹூப்பரின் கையெழுத்து அவற்றில் இருந்தது. மாநில அரசு வழக்குப் போட்டது. 1977இல் மாநில உச்ச நீதிமன்றம் அவை அரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. அந்த வியாபாரி காசு கொடுத்து வாங்கியிருந்ததெல்லாம் எடுபடவில்லை. ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: இந்தத் தாள் இருந்திருக்க வேண்டிய இடம் வீடா, அலுவலகமா? உயிலோ சாட்சி வாக்குமூலமோ நீதிமன்றக் கோப்புக் குறிப்போடு வந்தால் நான் தொடமாட்டேன்.

குடும்பத் தாள்களில் அதிகம் கிடைப்பது பைபிளில் எழுதிய பிறப்பு, திருமண, இறப்புக் குறிப்புகள். கிழித்த பக்கத்தை மட்டும் விற்றால், பைபிளின் தலைப்புப் பக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். பைபிள் அச்சானது 1816இல், ஆனால் 1760 முதலான பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையால் எழுதப்பட்டிருக்கின்றன என்றால், அவை பிற்காலத்தில் நினைவிலிருந்தோ வேறெதையோ பார்த்தோ எழுதியவை. பல குடும்பங்களில் அந்தப் பக்கமே இருக்காது. அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது, திருமணத்துக்குச் சான்றாக அதைக் கிழித்து அரசுக்கு அனுப்பினார்கள். அவை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இறந்தவர் சொத்துப் பட்டியல்களில் இறகு மெத்தை, பசுமாடுகளுக்கு நடுவே அடிமைகளின் பெயரும் அவர்களுக்குப் போட்ட விலையும் வரும். வடக்கு மாநிலங்களிலும்தான். நியூ ஜெர்சி 1804இல்தான் படிப்படியான அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது, அதுவும் அந்த ஜூலை 4க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மட்டும். இப்படி ஒன்று கையில் கிடைத்தால், ஸ்கேன் எடுத்து உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த வம்சாவளியைத் தேடுபவருக்குக் கிடைக்கும் ஒரே எழுத்துத் தடயம் அதுவாகவே இருக்கலாம்.

அப்புறம், டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. தாள் கந்தல் துணியில் செய்தது, நன்றாகவே தாங்கும். மையில்தான் இரும்பு, ஈரம் பட்டால் எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை அரித்துவிடும். அமிலமில்லாத ஃபோல்டரில் போட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.