பார்த்தே இராத உலகத்துக்குள் நாவலும் ஓவியமும் நம்மை எப்படி இழுக்கின்றன?

நாவலில் பெரும்பகுதி வேலையைச் செய்வது அந்த உலகத்து ஆட்களின் அலட்சியம்தான். இரண்டு நிலவு உள்ள ஊரில் யாரும் வானத்தைப் பார்த்து வாய் பிளப்பதில்லை. "சின்ன நிலா மறையறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு" என்று அம்மா அதட்டுவாள். அந்த ஒரு வரி போதும், மீதியை வாசகரே கட்டிக்கொள்வார். மாறாக, முழு வரலாற்றையும் முதல் அத்தியாயத்திலேயே கொட்டினால் புத்தகத்தை மூடிவிடுவோம் (நான் மூடியிருக்கிறேன்).

ஓவியத்துக்கு இருப்பது ஒரே சட்டகம். அதனால் அது கண்ணுக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தில் அவர்கள் நமக்கு முதுகு காட்டி நடக்கிறார்கள். பின்னாலேயே நம் பார்வையும் சரிவில் இறங்கி, கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் குட்டி மனிதர்களிடம் போய்விடும். வேட்டையில் கிடைத்தது ஒரே ஒரு நரி என்பது அப்புறம்தான் கண்ணில் படும்.