விண்வெளியில் நடக்கும் கிராவிட்டி படத்தைத் தியேட்டரில் பார்க்கும்போது தலை சுற்றி மூச்சு முட்டுவது ஏன்?

முக்கியக் காரணம், கண்ணுக்கும் காதுக்கும் நடக்கும் சண்டை. பெரிய திரையில் பூமி சுழலும்போது கண் "நகர்கிறோம்" என்கிறது. உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்போ "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. அந்த முரண்பாடுதான் தலைசுற்றல். ஓரப்பார்வை வரை திரை நிரம்பினால் இது கூடும். அதே காட்சியைச் செல்போனில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

2013இல் வந்த இந்தப் படத்தின் தொடக்கக் காட்சியை இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் 10 நிமிடத்துக்கும் மேல் ஷாட் மாறும் வெட்டே தெரியாமல் ஓட்டுகிறார். சாதாரணப் படத்தில் ஒவ்வொரு வெட்டும் கண்ணுக்கு ஒரு சின்ன ஓய்வு. இங்கே அது கிடையாது. அப்புறம் ஒலி. வெற்றிடத்தில் சத்தம் பரவாது என்பதால் விண்கலம் சிதறும்போதுகூட வெடிச்சத்தம் இல்லை. இசையும் கதாநாயகியின் மூச்சிரைப்பும்தான். அதைக் கேட்டுக்கேட்டு நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

அறிவியல் பிழைகளும் உண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சுமார் 500 கி.மீ. உயரத்திலும் சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்திலும் வெவ்வேறு சாய்வில் சுற்றுகின்றன. படத்தில் வருவதுபோல முதுகில் மாட்டிய உந்துகருவியை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே முடியாது. பார்க்கும்போது எனக்கு அது உறுத்தவில்லை என்பது வேறு விஷயம்!

மறுவெளியீட்டில் பார்ப்பதானால் 2டி காட்சியில் பின்வரிசையாகப் பாருங்கள். ரொம்பச் சுற்றினால் திரையை விட்டுவிட்டு, அசையாத எதையாவது கொஞ்ச நேரம் பார்த்தால் சரியாகிவிடும்.