டி ஆன்சாவிலிருந்து ஓலோனிக்கு மாறினால் எடுத்த பாடங்கள் என்ன ஆகும்?

வணக்கம் அம்மா.

உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் இந்த ஒரு வருடமாக முடித்த ஜெனரல் எஜுகேஷன் பாடங்கள், அதாவது எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் எல்லோரும் படிக்க வேண்டிய ஜிஇ பாடங்கள், ஃப்ரீமான்ட்டில் உள்ள ஓலோனி கம்யூனிட்டி காலேஜுக்கு மாறுவதால் வீணாகாது. கூப்பர்டினோவுக்குத் தினமும் வண்டி ஓட்டி அலுத்துப்போய் ஃப்ரீமான்ட்டிலேயே படிக்கிறேன் என்கிறாள் என்றால், அந்தக் காரணத்துக்காக அவளைத் தடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. கெமிஸ்ட்ரி 1ஏ, 1பி முடிந்துவிட்டது, 1சி இன்னும் எடுக்கவில்லை என்கிறீர்கள். கவனம் வேண்டியது அங்கேதான்.

நடுவில் கல்லூரி மாறினால் ஒரு வருடம் போச்சு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கலிபோர்னியாவில் நிலைமை வேறு. இங்கே 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அவற்றில் முதல் இரண்டு வருடம் படித்துவிட்டு, மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான கால் ஸ்டேட் அல்லது யூசியின் வளாகங்களுக்கு மூன்றாம் ஆண்டில் போவது 1960ஆம் ஆண்டின் மாஸ்டர் பிளானிலேயே சேர்ந்த வழி. சுற்றுவழி என்று நினைத்து நீங்கள் சங்கடப்படத் தேவையில்லை. 1991இல் ஐகெட்சி என்ற பொதுவான ஜிஇ பட்டியல் வந்தது. கால் ஸ்டேட்டுக்குத் தனியாக இன்னொரு பட்டியலும் இருந்ததால் பிள்ளைகள் குழம்பினார்கள். 2021இல் நிறைவேறிய ஏபி 928 சட்டம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டியலைக் கொண்டுவந்தது. கால்-கெட்சி என்ற அந்தப் பட்டியல் 2025 ஃபால், அதாவது இலையுதிர்காலப் பருவம் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மகள் போன செப்டம்பரில் சேர்ந்தவள் என்பதால் அவளுக்குப் பொருந்துவது இதுதான். அவளுடைய சீனியர்கள் ஐகெட்சி பற்றிச் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கால்-கெட்சியில் மொத்தம் 11 பாடங்கள், 34 செமஸ்டர் யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு). ஆங்கிலக் கட்டுரை, க்ரிட்டிகல் திங்கிங், மேடைப்பேச்சு, கணிதம், கலையிலும் ஹியூமானிட்டீஸிலும் (இலக்கியம், தத்துவம் போன்றவை) ஒவ்வொன்று, சமூக அறிவியலில் இரண்டு, இயற்பியல், கெமிஸ்ட்ரி போன்ற அறிவியல் ஒன்று, உயிரியல் ஒன்று, எத்னிக் ஸ்டடீஸ் ஒன்று. அறிவியலில் ஏதாவது ஒன்றுக்கு லேப் இருக்க வேண்டும். உங்கள் மகள் பயாலஜி மேஜர் என்பதால் பட்டியலில் அறிவியலுக்கான கட்டங்களும் கணிதக் கட்டமும் மேஜர் பாடங்களாலேயே நிரம்பிவிடும். ஆக அவள் ஜிஇக்கென்று தனியாக எடுக்க வேண்டியவை எட்டுப் பாடங்கள்தான்.

இந்தப் பாடங்களை ஒரே கல்லூரியில்தான் முடிக்க வேண்டும் என்பதில்லை. டி ஆன்சாவில் எடுத்த பாடம் டி ஆன்சாவின் பட்டியலில் எந்தக் கட்டத்தில் இருந்ததோ, அதே கட்டத்தில்தான் ஓலோனியும் அதை வைக்கும். ஓலோனியில் அதே பெயரில் பாடம் இருக்கிறதா என்பது பிரச்சினையே இல்லை. ஒரே நிபந்தனை, அவள் எடுத்த அந்தப் பருவத்தில் அது பட்டியலில் இருந்திருக்க வேண்டும். பட்டியல் வருடாவருடம் மாறும். ஆகவே அந்த வருடத்துக்கான பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பாடங்களின் எண்களும் இப்போது ஒன்றாகி வருகின்றன. முதல் ஆங்கிலப் பாடத்துக்கு ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு எண் வைத்திருந்த காலம் போய், மாநிலம் முழுக்க சி1000 என்ற எண் வந்துவிட்டது. சைக்காலஜி, புள்ளியியல் அறிமுகப் பாடங்களுக்கும் அப்படியே.

சரி, அப்படியானால் பிள்ளைகள் எங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்? ஒரு பாடத்தைப் பல்கலைக்கழகம் மூன்று கணக்குகளில் பார்க்கிறது. யூனிட்டாக ஏற்குமா என்பது ஒன்று. ஜிஇயில் ஒரு கட்டத்தை நிரப்புமா என்பது இன்னொன்று. மேஜருக்கு அது செல்லுமா என்பது மூன்றாவது. முதல் கணக்கில் பாஸாவது சுலபம். ‘இந்தப் பாடம் டிரான்ஸ்பர் ஆகும்’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அந்த முதல் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டு, மேஜருக்கு வேண்டிய பாடம் இல்லை என்று விண்ணப்பிக்கும் நேரத்தில் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். யூசியில் சயின்ஸ், இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு மேஜர் பாடங்கள்தான் முதலில். ஜிஇ அதற்குப் பிறகு.

இப்போது உங்கள் மகளின் கெமிஸ்ட்ரிக்கு வருகிறேன். டி ஆன்சா குவார்ட்டர் முறையில், அதாவது கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரித்து நடக்கிறது, ஓலோனி இரண்டு பருவமாகப் பிரிக்கும் செமஸ்டர் முறையில். ஒரு வருட ஜெனரல் கெமிஸ்ட்ரியை டி ஆன்சாவில் 1ஏ, 1பி, 1சி என்று மூன்று துண்டாகப் பிரித்திருப்பார்கள், செமஸ்டர் கல்லூரியில் இரண்டே துண்டு. முதல் இரண்டு துண்டை டி ஆன்சாவில் முடித்துவிட்டு ஓலோனியில் இரண்டாம் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் போய் உட்கார்ந்தால், கொஞ்சம் பாடம் மறுபடியும் வரும், கொஞ்சம் விட்டுப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், பல்கலைக்கழகம் இந்தக் கலவையை ஒரு முழு வருட கெமிஸ்ட்ரியாக ஏற்பதில் வரும். ஆகவே 1சியை டி ஆன்சாவிலேயே முடித்துவிட்டு மாறட்டும். கால்குலஸுக்கும் இதே விதிதான். பயாலஜி 6ஏ, 6பி, 6சி தொடரையும் ஆரம்பித்திருந்தால் அதையும் அங்கேயே முடிக்க வேண்டும். இன்னும் ஆரம்பிக்காத தொடரை ஓலோனியில் தாராளமாகத் தொடங்கலாம். பாதியில் நிற்கும் தொடரை வைத்துக்கொண்டு மட்டும் கல்லூரி மாறக் கூடாது. இதற்காக ஒரு குவார்ட்டர் கூடுதலாக வண்டி ஓட்டினாலும் பரவாயில்லை என்பேன்.

யூனிட் குறைந்துவிட்டதே என்று நீங்கள் பதறியதற்கும் இதே குவார்ட்டர்தான் காரணம். குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டு பங்காக எண்ணினால் செமஸ்டர் யூனிட். அவள் சேர்த்த 45 குவார்ட்டர் யூனிட் ஓலோனியின் கணக்கில் 30 ஆகத் தெரியும். எதுவும் தொலைந்துபோகவில்லை. மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், அதாவது 90 குவார்ட்டர் யூனிட். சரியாகப் பாதி வழியில் இருக்கிறாள்.

மேஜர் கணக்கைச் சரிபார்க்க அசிஸ்ட் என்ற அரசுத் தளம் போதும், கட்டணம் கிடையாது. முதலில் கல்வியாண்டு, பிறகு அவள் படிக்கும் கல்லூரி, போக விரும்பும் வளாகம், கடைசியாக மேஜர். நான்கையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாகப் பட்டியல் வரும். இடதுபக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலதுபக்கம் அதற்கு ஈடான நம் கல்லூரிப் பாடம். வலதுபக்கம் சில இடத்தில் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே ‘ஆண்ட்’ என்று போட்டிருக்கும். அத்தனையும் முடித்தால்தான் இடதுபக்கப் பாடத்துக்கு ஈடு. ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று வந்தால் அந்தக் கல்லூரியில் அதற்கு ஈடே இல்லை என்று அர்த்தம். உதாரணமாக யூசி டேவிஸுக்கு ஒன்று, கால் ஸ்டேட் வளாகமான சான் ஹோசே ஸ்டேட்டுக்கு ஒன்று என்று பட்டியலை டி ஆன்சாவின் பெயரிலும் எடுங்கள், ஓலோனியின் பெயரிலும் எடுங்கள். நான்கு தாள் ஆகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்கவே தேவையிருக்காது.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. 11 பாடங்களையும் முடித்தால் மட்டும் போதாது. முடித்துவிட்டாள் என்று கம்யூனிட்டி காலேஜ் சான்றளிக்க வேண்டும். அது தானாகப் போகாது, விண்ணப்பம் கொடுத்துக் கேட்க வேண்டும். கடைசியாகப் படிக்கும் கல்லூரி இதைச் செய்து தரும், ஆக அவள் ஓலோனியில் கேட்க வேண்டும். அதற்கு முன்பே டி ஆன்சாவிலிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் ஓலோனிக்கு வந்திருக்க வேண்டும். இந்தச் சான்று இல்லாமல் போனால் போகும் வளாகம் தன்னுடைய சொந்த ஜிஇ விதிகளை அவள்மேல் போடலாம். எடுத்த பாடங்கள் உண்மையிலேயே வீணாவது இப்படித்தான்.

மதிப்பெண் விஷயத்தில் கால்-கெட்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது சி வேண்டும், சி மைனஸ் செல்லாது. ஹைஸ்கூலில் எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் பல கட்டங்களுக்கு அது உதவும், மதிப்பெண்ணை அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்ல வேண்டும். க்ரிட்டிகல் திங்கிங்குக்கும் மேடைப்பேச்சுக்கும் ஏபி உதவாது. அப்புறம், ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் ஏதாவது பாடம் எடுத்திருந்தால், அதில் வாங்கிய மதிப்பெண் நன்றாக இல்லாவிட்டாலும் யூசி விண்ணப்பத்தில் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் கிடைத்த இடமும் போய்விடலாம்.

இடம் கிடைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் டேக் என்ற சேர்க்கை உத்தரவாதத்தைத் தருகின்றன. பர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம், மேஜரைப் பொறுத்து நிபந்தனை கடுமையாகும். 2027 ஃபாலில் சேர நினைத்தால் 2026 செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். கால் ஸ்டேட் பக்கம் ஏடிடி என்ற இரண்டு வருடப் பட்டம் இருக்கிறது. 2010இல் வந்த சட்டத்தின்படி அதை முடித்தவர்களுக்கு கால் ஸ்டேட்டில் எங்காவது ஓர் இடம் உறுதி. சான் ஹோசேவிலேயே என்று சட்டம் சொல்லவில்லை, இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். மாநிலவாசிகளுக்கு ஓலோனியில் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், டி ஆன்சாவில் குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். கிட்டத்தட்ட சமம்தான். கட்டணத்துக்காக மாறுவதில் அர்த்தமில்லை, பயணத்துக்காக மாறுவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்த வேலை, கல்லூரி ஆலோசகரிடம் அப்பாயின்ட்மென்ட். அதை உங்கள் மகளே போடட்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவேடுகளின் மீதான உரிமை ஃபெர்பா என்ற மாணவர் தனியுரிமைச் சட்டப்படி மாணவருக்குத்தான், நீங்கள் ஃபோன் செய்து கேட்டால் அவள் சம்மதம் இல்லாமல் அவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த நான்கு தாளையும் அவளிடம் கொடுத்து அனுப்புங்கள். வாங்கம்மா என்று அவள் கூப்பிட்டால் நீங்களும் கூடப் போய் உட்காரலாம், அதற்குத் தடை இல்லை.